தொப்பிப் பெட்டிப் பேய்க்காகவும் ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் டிஸ்னிலாண்ட் ரசிகர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன், முடியவில்லை, அதனால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிப் பத்தியை மட்டும் தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள், அது உங்கள் பக்கத்தில் நடந்த ஒரு தவறைப் பற்றியது.

கட்டுரையாளர் சொல்ல வந்ததை நான் புரிந்துகொண்டது இப்படி: ஐம்பது அறுபது வருஷப் பழைய ரைடில் ஒரு விளக்கை மாற்றினாலும், ஒரு பொம்மையின் கையில் இருப்பதை மாற்றினாலும், நாற்பது வயதுக்காரர்கள் எல்லாம் குடியிருந்த வீடு இடிந்துவிட்ட மாதிரி புலம்புகிறார்கள், இவர்களுக்குப் புதிதாக எது வந்தாலும் ஆகாது. நகைச்சுவையாகத்தான் எழுதியிருந்தார். இரண்டு இடத்தில் நானும் சிரித்தேன், ஏனென்றால் அப்படிப் புலம்புகிற ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள், என் மகள், பதினாறு வயது. ஆனால் அந்தக் கடைசி வரி, புதிதாக எது வந்தாலும் ஆகாது என்பது, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் இருப்பது கலிபோர்னியாவில் ஆரஞ்சு கவுண்டி. டிஸ்னிலாண்ட் இருக்கிற அனஹைம் எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம், டிராஃபிக் இல்லாத நாளில். 2007-ல் வந்தோம். வேலை, மென்பொருள் சோதனை. "சின்ன மாற்றம்தான், ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு என்று அனுபவத்தில் தெரிந்தவள், ஆகவே இந்த விவகாரத்தில் நான் நடுநிலை என்று சொல்ல மாட்டேன்.

முதலில் தொப்பிப் பெட்டிப் பேயின் கதையைச் சொல்லிவிடுகிறேன், கட்டுரையில் அது இல்லை. டிஸ்னிலாண்டில் ஹாண்டட் மேன்ஷன் என்கிற பேய் மாளிகை ரைடு திறந்தது 1969 ஆகஸ்ட் 9. (வெளிக்கட்டடம் 1963-லேயே முடிந்துவிட்டது, உள்ளே என்ன வைப்பது என்று முடிவாகாமல் ஆறு வருஷம் பூட்டியே கிடந்தது, அது தனிக்கதை.) அதில் பரண் காட்சியில் ஒரு பேயை நிறுத்தியிருந்தார்கள். ஒரு கையில் கைத்தடி, இன்னொரு கையில் தொப்பி வைக்கிற பெட்டி. தோளில் இருக்கிற தலை மெல்ல மறைந்து அந்தப் பெட்டிக்குள் தெரிய வேண்டும், பிறகு திரும்பவும் தோளுக்கு வர வேண்டும். இரண்டு தலை, இரண்டு விளக்கு, ஒன்றை அணைத்தால் இன்னொன்று எரியும், யோசனை அவ்வளவுதான். ஆனால் நாம் உட்கார்ந்து போகிற வண்டி அதற்கு மிக அருகில் போகிறது, பரணில் வேறு விளக்குகளின் வெளிச்சமும் இருக்கிறது, ஆகவே மறைய வேண்டிய தலை மறையவே இல்லை. எத்தனையோ செய்து பார்த்தும் சரிவராமல், திறந்த கொஞ்ச நாளிலேயே எடுத்துவிட்டார்கள்.

எடுத்ததை எல்லோரும் மறந்திருக்க வேண்டும் அல்லவா? மறக்கவில்லை. விளம்பரப் படங்களிலும் இசைத்தட்டிலும் அதன் சுவடு இருந்தது, அதை வைத்துக்கொண்டு நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த ரசிகர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், பார்த்தேன் என்று ஒருவர், அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று இன்னொருவர். 2015 மே மாதம், பூங்காவின் அறுபதாவது ஆண்டுக்காக, அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த முறை ப்ரொஜெக்‌ஷன் இருக்கிறது, தலை உண்மையாகவே மறைகிறது, பெட்டியில் இளித்துக்கொண்டு தெரிகிறது. அதுவும் பழைய ரைடில் செய்த சின்ன மாற்றம்தான், ஒரே ஒரு பொம்மை. ஒப்பாரி எங்கே? நாங்கள் போன அன்று எங்களுக்கு முன்னால் வரிசையில் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் நின்றார், சட்டை முழுக்க அந்தப் பேயின் படம், தைத்ததா அச்சிட்டதா தெரியவில்லை. ரைடு முடிந்து வெளியே வந்ததும் பேச்சில்லை மூச்சில்லை, நேரே நடந்து போய் வரிசையின் கடைசியில் மறுபடி நின்றுகொண்டார். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. "அம்மா, அந்தத் தாத்தாவுக்கு என்ன ஆச்சு?" என்றாள். அவள் ரசிகை ஆனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

சரி, அதே பேயை 2023 நவம்பர் கடைசியில் ஃப்ளோரிடாவில் இருக்கிற டிஸ்னி பூங்காவின் மேன்ஷனிலும் வைத்தார்கள். இந்த முறை புலம்பல் வந்தது, பலமாகவே வந்தது. கட்டுரையாளர் கேலி செய்த சத்தம் இதுவாகத்தான் இருக்கும். அதே பொம்மை, அதே வித்தை, அப்புறம் என்ன குறை? வைத்த இடம். அந்த ரைடின் காட்சிகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் பாதியில் பேய் எதுவும் நேரில் தெரியாது. முடிவில்லாத ஒரு தாழ்வாரத்தில் மெழுகுவத்தித் தண்டு தானாக மிதக்கும், கதவு மூச்சு விடுவதுபோல உப்பும், தட்டுகிற சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பிறகு கண்ணாடி உருண்டைக்குள் தலையாக இருக்கிற மேடம் லியோட்டா மந்திரம் சொல்லி அழைத்த பிறகுதான் பேய்கள் ஒவ்வொன்றாக உருவெடுத்து வரும். இவர்கள் கொண்டுபோய் இந்தப் பேயை அந்தத் தாழ்வாரத்துக்குப் பக்கத்தில், லியோட்டா அழைப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். கூப்பிடுவதற்கு முன்னால் வந்து நிற்கிற விருந்தாளி மாதிரி. இதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு ஒருவர் அந்த ரைடை எத்தனை கவனமாகப் பார்த்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். என் வேலையில் இப்படி ஒரு பிழையைப் பிடித்துக் கொடுத்தால் பாராட்டுவார்கள்.

பூங்காவை மாற்றக் கூடாது என்று யாரும் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அதைக் கட்டினவரே மாற்றுவதற்காகத்தான் கட்டினார். படம் எடுத்து முடித்து வெளியே விட்டால் பிறகு அதில் கை வைக்க முடியாது, பூங்காவில் எப்போதும் எதையாவது சேர்த்துக்கொண்டே இருக்கலாம் என்பது வால்ட் டிஸ்னிக்குப் பிடித்த விஷயம், அதற்கு அவர் சொன்ன சொல்லைத்தான் ரசிகர்கள் இன்றைக்கும் "ப்ளஸ்ஸிங்" (plussing, கூட்டிக்கொண்டே போவது) என்கிறார்கள். 1955 ஜூலையில் திறந்தபோது ஸ்னோ ஒயிட் ரைடில் ஸ்னோ ஒயிட்டே கிடையாது, பீட்டர் பேன் ரைடில் பீட்டர் பேன் கிடையாது. வண்டியில் உட்கார்ந்திருக்கிற நீங்கள்தான் ஸ்னோ ஒயிட், சூனியக்காரி துரத்துவது உங்களைத்தான் என்பது அமைத்தவர்களின் எண்ணம். வந்தவர்களுக்கு அது பிடிபடவில்லை, ஸ்னோ ஒயிட் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1983-ல் அந்தப் பகுதியைப் புதுப்பித்தபோதுதான் பொம்மையாக உள்ளே வந்தாள். ஆக, மாற்று என்று கேட்டதே பார்க்க வந்தவர்கள்தான்.

இன்னொன்று. ஃப்ளோரிடாவில் எவரெஸ்ட் ரோலர் கோஸ்டர் 2006-ல் வந்தது. கடைசியில் ஒரு பிரம்மாண்டமான பனிமனிதன் கையை வீசி நம்மைப் பிடிக்க வரும். திறந்து ரொம்ப நாள் ஆகவில்லை, அந்த அசைவு நின்றுபோனது. அசையாத உருவத்தின் மேல் விட்டுவிட்டு விளக்கடித்து அசைவது போலக் காட்டுகிறார்கள். ரசிகர்கள் வைத்த பெயர் "டிஸ்கோ யெட்டி". எத்தனை வருஷமாகக் கேட்கிறார்கள், ஐயா இதைச் சரி செய்யுங்கள் என்று! புதிதாக எதுவும் ஆகாதவர்களா இவர்கள்?

அவர்களுக்கு ஆகாதது எது என்றால், என் கணக்கில், வேறொரு படத்தை விற்பதற்காகக் கொண்டுவந்து நுழைப்பது. டிக்கி ரூம் என்று ஒன்று உண்டு (டிக்கி என்பது பசிபிக் தீவுகளின் தெய்வச் சிலை), பறவைப் பொம்மைகள் பாடுகிற கூடம், 1963-ல் அனஹைமில் வந்தது, பிறகு ஃப்ளோரிடாவிலும். 1998-ல் ஃப்ளோரிடாக் கூடத்தில் அலாவுதீன் படத்துக் கிளி இயாகோவையும் லயன் கிங் பறவை ஸாஸுவையும் புது முதலாளிகளாக உட்கார வைத்தார்கள். இயாகோ வந்து பழைய பாட்டை நடுவில் நிறுத்தி, இதெல்லாம் யார் கேட்பது என்று கிண்டல் அடிக்கும். பார்க்க வந்தவர்களுக்குப் பிடித்த பாட்டை அவர்கள் முன்னாலேயே கிண்டல் அடித்தால்? கடைசியில் டிக்கி தெய்வத்துக்குக் கோபம் வந்து இயாகோவைத் தண்டிப்பதாகக் காட்சி. 2011 ஜனவரியில் அந்தக் கூடத்தில் உண்மையாகவே ஒரு சிறு தீ விபத்து, யாருக்கும் காயம் இல்லை, கருகியது யார் என்றால் இயாகோ பொம்மை. தெய்வம் நின்று கொல்லும் என்று நம் ஊரில் சொல்வது நினைவுக்கு வருகிறதா இல்லையா? அதே வருஷம் ஆகஸ்டில் பழைய நிகழ்ச்சியே, கொஞ்சம் சுருக்கமாக, திரும்ப வந்தது.

ஆனால் ரசிகர்கள் சொல்வதெல்லாம் சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. நானே ஒரு முறை தப்பாகக் கத்தியிருக்கிறேன். "இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்" ரைடு உங்களுக்குத் தெரிந்திருக்கும், படகில் போகும்போது இரண்டு பக்கமும் உலக நாட்டுக் குழந்தைப் பொம்மைகள் ஒரே பாட்டைப் பாடும், வெளியே வந்து மூன்று நாளைக்கு அந்தப் பாட்டு காதை விட்டுப் போகாது. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்குச் செய்தது, 1966-ல் அனஹைமுக்கு வந்தது, வண்ணமும் வடிவமும் மேரி பிளேர் என்ற ஓவியருடையது. 2007 கோடையில் முதன்முறை பார்த்து நான் மயங்கிப்போனேன். 2008 ஜனவரியில் மூடினார்கள், படகு ஓடுகிற வாய்க்காலையே புதிதாகப் போட்டார்கள், கூடவே ஆலிஸ், பினோக்கியோ, அலாவுதீன் என்று டிஸ்னி பாத்திரங்களை அந்தந்த நாட்டுப் பொம்மைகளுக்கு நடுவில் வைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மேரி பிளேரின் குடும்பத்தாரே எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். நானும் வீட்டில் யாரும் கேட்காவிட்டாலும் எதிர்த்துப் பேசினேன். 2009 பிப்ரவரியில் திறந்தபோது கைக்குழந்தை இருந்ததால் போகவில்லை, போகாததையே ஒரு புறக்கணிப்பு மாதிரி சொல்லிக்கொண்டேன்.

2018 கோடையில் என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். பேயும் வேண்டாம் கோஸ்டரும் வேண்டாம் என்று விட்டதால் அவரை அந்தப் படகில்தான் உட்கார வைத்தோம். இரண்டு வளைவு தாண்டியதும், "அடடே, கொலு வெச்சிருக்கான்டி" என்றார். எனக்குச் சுருக்கென்றது, பத்து வருஷமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. என் மகள், எல்லாம் தனக்குத்தான் தெரியும் என்கிற மாதிரி, ஒவ்வொரு புதுப் பொம்மையையும் காட்டி, "பாட்டி, இது முன்னாடி கிடையாது, இது சேர்த்தது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா ஆலிஸைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதே மூஞ்சியாத்தானே பண்ணியிருக்கான். நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அதோடு விட்டிருந்தால்கூட நான் அசைந்திருக்க மாட்டேன். அந்த அக்டோபரில் எங்கள் வீட்டில் கொலு, அம்மா இருந்ததால் ஏழு படி. வருஷா வருஷம் ஒரு புதுப் பொம்மையாவது வாங்கி வைக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம், பெட்டியில் வரும்போதே காகிதம் சுற்றி ஒரு செட் கொண்டுவந்திருந்தார். என் மகள் தன் பங்குக்கு ஃப்ரோஸன் படத்து எல்சாவின் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து தசாவதாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மா திட்டவில்லை. எடுத்துக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார், பிறகு கீழே தரையில் மணல் கொட்டிப் போட்டிருந்த பார்க்கில், தகரக் காருக்கும் குளத்துக்கும் நடுவில் நிறுத்தினார். "இவ இங்க இருக்கட்டும். மேல இருக்கறவாளோட சேர மாட்டா." மறுநாள் வந்த குழந்தைகள் எல்லாம் முதலில் போனது எல்சாவிடம்தான், அது வேறு விஷயம்.

அப்போதுதான் எனக்கு அந்த 2009 சண்டை புரிந்தது. மேரி பிளேரின் பொம்மைகளுக்கு ஒரே முகம், வட்டமான ஒரே மூஞ்சி, சேர்த்தவர்கள் அந்த முகத்திலேயே சேர்த்திருக்கிறார்கள், ஆகவே பெரும்பாலும் சேர்ந்துவிட்டது. சேராத இடம் ஒன்றிரண்டு இப்போதும் என் கண்ணை உறுத்தும், இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022-ல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பொம்மைகளை வைத்தார்கள், வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன், "இது முன்னாடியே இருந்திருக்கணும்" என்று பதில் வந்தது. 2025 ஜூலையில் அந்தப் பாட்டுக்கு ஒரு புதுச் சரணம் சேர்ந்தது, பாட்டை எழுதின சகோதரர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஷெர்மனே எழுதிக் கொடுத்தது, அவர் 2024-ல் காலமாகிவிட்டார். அதைப் பற்றி என் மகள் வாயே திறக்கவில்லை. அவள் வாய் திறக்காததை நாங்கள் அங்கீகாரமாக எடுத்துக்கொள்வோம்.

இப்போது கடற்கொள்ளையர் ரைடு. இதில் நான் ரசிகர்கள் பக்கம் இல்லை. "பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்" 1967 மார்ச்சில் திறந்தது, வால்ட் டிஸ்னி அதற்கு மூன்று மாதம் முன்பே இறந்துவிட்டார், அவர் நேரில் மேற்பார்த்த கடைசி ரைடுகளில் ஒன்று என்பதால் அதில் கை வைத்தாலே கோயிலில் கை வைத்த மாதிரி பார்ப்பார்கள். அதில் ஏலக் காட்சி ஒன்று இருந்தது. பெண்களைக் கயிற்றில் கட்டி வரிசையாக நிறுத்தி, மணப்பெண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேனர் கட்டி, ஏலம் விடுவார்கள். சிவப்பு முடிக்காரிக்காகக் கொள்ளையர்கள் கூச்சல் போடுவார்கள். 2018-ல் அதை மாற்றினார்கள். சிவப்பு முடிக்காரி இப்போது தானே துப்பாக்கியோடு கொள்ளைக்காரியாக நிற்கிறாள், ஏலம் போவது ஊராரிடம் அடித்த பொருள், கூச்சல் ரம்முக்காக. என்ன ரகளை! அசலைத் தொடாதே, அசலைத் தொடாதே. எந்த அசல்? பெண்களைத் துரத்துகிற காட்சியை 1997-லேயே சாப்பாட்டைத் துரத்துவதாக மாற்றிவிட்டார்கள். படம் ஓடியது என்று 2006-ல் ஜாக் ஸ்பாரோவை உள்ளே கொண்டுவந்தார்கள். இத்தனைக்குப் பிறகு அசல் என்று ஒருவர் சொல்வது, தான் சின்ன வயதில் பார்த்ததைத்தான். ரைடை வடிவமைத்தவர்களில் ஒருவரான மார்க் டேவிஸ் வரைந்த காட்சியின் அமைப்பு போச்சு, சிரிப்பு போச்சு என்பார்கள், அந்த அமைப்பின் அழகு எனக்கும் தெரியும். ஆனால் 2016-ல் ஏழு வயது மகள் அந்த இருட்டில் என் கையைப் பிடித்து, "அந்த ஆன்ட்டிகளை ஏன் கட்டி வெச்சிருக்காங்க?" என்று கேட்டபோது, அடுத்த வளைவு வரும் வரைக்கும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. மாற்றினதில் எனக்கு வருத்தம் இல்லை. என் மகளுக்குக் கொஞ்சம் உண்டு, காட்சியில் அல்ல, ரம் வேண்டும் என்று கத்துகிற குரல்கள் பழைய குரல்களோடு ஒட்டவில்லை என்பது அவள் வழக்கு. நான் தலையாட்டிக்கொள்வேன்.

மாட்டர்ஹார்ன் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள், 2012-ல் தனித்தனி இருக்கையோடு புது வண்டி வந்ததும் முதுகு வலிக்கிறது என்று முறையிட்டார்கள் என்று. 1959-ல் வந்த கோஸ்டர் அது, குழாய் இரும்புத் தண்டவாளத்தில் ஓடிய முதல் கோஸ்டர். முதுகு வலித்தால் வலிக்கிறது என்றுதானே சொல்வார்கள், அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால், அந்த ரைடுகளை அமைக்கிறவர்களேதான். டிஸ்னிலாண்டில் வின்னி தி பூ என்கிற கதைக் கரடியின் ரைடு இருக்கிற இடத்தில் முன்பு கரடிகள் பாடும் கன்ட்ரி பேர் நிகழ்ச்சி இருந்தது, 2001-ல் மூடிவிட்டார்கள். அந்த நிகழ்ச்சியில் சுவரில் மாட்டியிருந்த மூன்று தலைகள் உண்டு, மான், காட்டெருமை, மூஸ் என்கிற பெரிய மான், மூன்றும் பேசும். அவற்றைத் தூக்கி எறியாமல் பூ ரைடுக்குள்ளேயே, வண்டி ஒரு அறையைத் தாண்டும்போது தலைக்குப் பின்னால் உயரத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். நேரே பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. தேன் குடத்தைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் முன்னால் திரும்பியிருக்கும்போது, என் மகள் மட்டும் கழுத்தை முறித்துப் பின்னால் திரும்பி இருட்டைப் பார்த்துக் கையசைப்பாள். இப்படி ஒளித்து வைத்துவிட்டு, நீ ஏன் இவ்வளவு கவனிக்கிறாய் என்று அவளைக் கேட்பது நியாயமா?

கடைசியாக, முதலில் சொன்ன அந்தத் தவறு. கட்டுரையோடு ஒரு படம் போட்டு, கலிபோர்னியாவில் உள்ள ஹாண்டட் மேன்ஷன் என்று கீழே அச்சிட்டிருந்தீர்கள். கலிபோர்னியா மாளிகை வெள்ளை வீடு, முன்னால் உயரமான தூண்கள், மாடி முகப்பில் இரும்புப் பூவேலை. நீங்கள் போட்டிருப்பது செங்கல் கட்டடம், அது ஃப்ளோரிடா. நான் கவனிக்கவில்லை, பேப்பரைத் திறந்து வைத்துக் காபி குடித்துக்கொண்டிருந்தேன், என் மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், அவள் படத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். திருத்தம் போட்டால் எங்களுக்கு ஒரு பிரதி தேவைப்படும், ஃபிரிட்ஜில் ஒட்டுவதற்கு.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஆரஞ்சு கவுண்டி, கலிபோர்னியா